விஎல்சி லாக் கோப்பைத் தேடி அலைந்த அனுபவம்

ஒருவழியாக லாக் கோப்பு (மென்பொருள் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு) கையில் கிடைத்து, விஎல்சி என்ற வீடியோ பிளேயர் ஏன் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொள்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. அதற்குள் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய வீடியோ கோப்புகளைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஜன்னலே காணாமல் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கிராபிக்ஸ் டிரைவர் (திரைக் காட்சியைக் கவனிக்கும் சிப்பை இயக்கும் மென்பொருள்) மேல் சந்தேகப்பட்டு, அதைத் தயாரித்தவர்களின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "லாக் அனுப்பவும்" என்று ஒற்றை வரிப் பதில். அதை எப்படி எடுப்பது, எங்கே தேடுவது என்று திரும்பக் கேட்டதற்கும் அதே வரிதான் வந்தது. உதவி கேட்டு வருகிறவருக்கு இரண்டு வரி கூடுதலாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

யாரிடம் கேட்டாலும் விஎல்சியின் டூல்ஸ் மெனுவில் உள்ள மெசேஜஸ் ஜன்னலைத்தான் காட்டுகிறார்கள். கன்ட்ரோல் + எம் அழுத்தினாலும் வரும். வெர்போசிட்டியை, அதாவது எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்ற அளவை, 2 ஆக்க வேண்டும். சத்தம் வரவில்லை, சப்டைட்டில் தெரியவில்லை போன்ற சிக்கல்களுக்கு அது போதும். ஆனால் வீடியோவைப் போடுவதற்கு முன்பே அந்த ஜன்னலைத் திறந்து வையுங்கள். திறப்பதற்கு முன் நடந்தது அதில் இருக்காது. விஎல்சியே மூடிக்கொள்ளும் பிரச்சினை என்றால் அந்த ஜன்னலும் கூடவே போய்விடும், சேமிக்க நேரமே கிடைக்காது. அப்போது கோப்பில் எழுதவைப்பதுதான் வழி.

அதே டூல்ஸ் மெனுவில் உள்ள பிரிஃபரன்ஸஸில் கீழே "ஆல்" என்பதைத் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு, லாகர் என்று போய் "லாக் டு ஃபைல்" டிக் செய்து, சேமித்து, விஎல்சியை மூடித் திறக்க வேண்டும். இதுவரை சுலபம்.

அப்புறம் கோப்பைக் காணோம்! பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் விஎல்சி-லாக்.டிஎக்ஸ்டி என்று ஒன்றை உருவாக்கும். விண்டோஸில் அதற்கென்று நிலையான இடம் கிடையாது. எந்த ஃபோல்டரிலிருந்து விஎல்சி தொடங்குகிறதோ, அங்கேதான் எழுதும். வீடியோவை டபுள் கிளிக் செய்தால் அந்த வீடியோ இருக்கும் ஃபோல்டரில். ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்தால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள். அங்கே எழுத சாதாரண பயனருக்கு அனுமதி இல்லாததால் கோப்பே உருவாகாது, எச்சரிக்கையும் வராது. ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. மேக்கில் இந்தத் தொல்லை இல்லை, லைப்ரரிக்குள் லாக்ஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிடும்.

ஆகவே லாக் ஃபைல்நேம் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். டாக்குமென்ட்ஸ் போல உங்களால் எழுத முடிந்த ஒரு ஃபோல்டரின் முழுப் பாதையையும் கோப்பின் பெயரோடு கொடுங்கள். அதே பக்கத்தில் வெர்போசிட்டியை டீபக் (எல்லா விவரமும் எழுதும் நிலை) ஆக்குங்கள்; இல்லாவிட்டால் தேவையான வரிகள் பாதி வராது.

அப்படிச் செய்ததும் அடுத்த முறை மூடிக்கொண்டபோது கோப்பு வைத்த இடத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான வரிகள்! மேலிருந்து படிக்க வேண்டாம், கடைசியிலிருந்து படியுங்கள். எனக்குக் கடைசி வரிகள் எல்லாமே ஹார்டுவேர் டீகோடிங் (வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடுவது) பற்றியவை. 2018-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது தானாகவே ஆன் ஆகியிருக்கிறது. பிரிஃபரன்ஸஸின் இன்புட் / கோடெக்ஸ் பகுதியில் அதை அணைத்தேன். அதே வீடியோ கடைசிவரை ஓடியது. அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பிறகு புது டிரைவர் போட்டு மறுபடி ஆன் செய்தேன், இப்போதும் சரியாக ஓடுகிறது.

லாகை யாருக்காவது அனுப்பும் முன் நோட்பேடில் திறந்து பாருங்கள். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் அதில் இருக்கும். நெட்வொர்க் முகவரியிலேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அவையும் இருக்கலாம், அழித்துவிட்டு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் "லாக் டு ஃபைல்" டிக்கை எடுத்துவிடுங்கள். டீபக் நிலையில் விட்டால் கோப்பு மளமளவென்று பெருத்துவிடும்.