கப்பல் நாட்குறிப்பு: முன்பின் தெரியாதவர்கள்

டிசம்பர் 2, 2024, திங்கள்

பள்ளி விடுமுறை என்பதால் மரினா பே கப்பல் முனையத்தில் ஒரு மணிக்கே நிற்க இடமில்லை. அம்மாவுக்கு எண்பது வயது முடிந்ததற்காக அண்ணன் ஏற்பாடு செய்த பயணம். அவருக்கு விடுப்பு கிடைக்காததால் நானும் அம்மாவும் மட்டும் கிளம்பினோம். நாளை பினாங்கு, புதன்கிழமை புக்கெட், வியாழன் முழுக்கக் கடல், வெள்ளி காலை மறுபடி சிங்கப்பூர்.

ஏறியதும் மின்தூக்கிக்குக் காத்திருந்தோம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அறைக்குப் போகும்போது ஒவ்வொரு மின்தூக்கியும் நிறைந்தே வருகிறது. சக்கர நாற்காலிக்கு இடம் இருப்பதில்லை. சில போய்விட்டன. அடுத்து வந்ததில் நான்கு இளைஞர்கள். எங்களைப் பார்த்தார்கள், பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். நாற்காலியை நான் உள்ளே திருப்பும்வரை ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நீங்க போங்கக்கா, நாங்க படியில வந்துக்கிறோம்” என்றார். அதுவரை அவர்கள் தமிழர்கள் என்றே எனக்குத் தெரியாது. கோயம்புத்தூராம்.

மாலையில் பாதுகாப்புப் பயிற்சி. இப்போது கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் எல்லாரும் ஒன்றுகூட வேண்டிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். ஆனால் கப்பல் நகரும் முன்பே, அல்லது நகர்ந்த உடனே, முடித்தாக வேண்டும். முன்பெல்லாம் 24 மணி நேர அவகாசம் இருந்தது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த விபத்தைப் பற்றிப் படித்ததில் என் மனத்தில் நின்றவர்கள் தீவுக்காரர்கள். குளிர்காலத்தில் சில நூறு பேர் மட்டுமே இருக்கும் ஊர் அது. கப்பலில் இருந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் நள்ளிரவில் நடுங்கிக்கொண்டு அங்கே வந்து இறங்கினார்கள். தேவாலயம், பள்ளி, வீடு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, போர்வையும் உடுப்பும் கொடுத்திருக்கிறார்கள்.

பயிற்சி இடத்தில் கைத்தடி ஊன்றிய சீன மூதாட்டி ஒருவர் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சூடா மாக்கான்?” என்று மலாயில் கேட்டார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “சூடா, சூடா!”

டிசம்பர் 3, செவ்வாய்

பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்பதால் அம்மாவை நேராகத் தள்ளிக்கொண்டு இறங்க முடிந்தது. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது. அர்ச்சனை செய்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் தேநீர் குடித்தோம்.

திரும்பும் வழியில், கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில் எங்கள் சாப்பாட்டு மேசைப் பணியாளர் உட்கார்ந்து, யாரோ ஒரு குழந்தையோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தார். கப்பல் ஊழியர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். கரையில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பலர் இலவச இணையம் இருக்கும் இடத்தைத்தான் தேடிப் போகிறார்கள். அவர் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் கடைக்குள்ளிருந்து நீளமான ஒயரை இழுத்து வந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

மாலையில் எங்கள் தளத்துத் தாழ்வாரக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்து உட்கார்ந்திருந்தது. கழுத்தில் சீட்டு: “கண்டெடுத்தால் உங்களுக்கே. விருப்பமென்றால் இன்னொருவருக்காக ஒளித்து வையுங்கள்.” உல்லாசக் கப்பல்களில் இப்போது இது பெரிய வழக்கம். வீட்டிலிருந்தே பை நிறைய வாத்து கொண்டுவந்து, தங்களுக்குத் தெரியாத குழந்தைகளுக்காக ஒளித்து வைக்கிறார்கள். அம்மா வாத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 4, புதன்

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்குச் சிறிய படகில்தான் போக வேண்டும். படகு மேலும் கீழும் ஆடும்போது தானாக அடியெடுத்து வைக்க முடியாதவர்களை அனுப்பமாட்டார்கள். அது சரியான விதிதான். அப்படியானால் நானும் போகவில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

சீன ஆண்ட்டி தன் மகளோடு வந்தார். அவருக்கும் முழங்கால் முடியாது. மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள், நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். அம்மாவும் சேர்ந்துகொண்டு என்னை விரட்டினார். போனோம். கடற்கரையில் கொஞ்சம் நடந்தோம், மாம்பழச் சோறு சாப்பிட்டோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது திரும்பி வந்தபோது பார்த்ததை.

மேல்தளத்தில் நிழலான ஒரு மூலை. இருவருக்கும் நடுவில் அம்மா கொண்டுவந்த முறுக்கு டப்பா. ஆண்ட்டிக்குப் பல் பலமில்லை. முறுக்கை ஒடித்துக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்பது வருடத்தில் அப்படிச் சாப்பிட்டே இராத அம்மாவும் ஒரு துண்டை நனைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா வளர்ந்தது சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். தாத்தா அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். 1971-இல் பிரிட்டிஷ்காரர்கள் போகும்வரை அதுதான் எங்கள் குடும்பத்தின் ஊர். ஆண்ட்டி, நீ சூன் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்துப் (கிராமத்துப்) பெண். அப்பா பன்றியும் கோழியும் வளர்த்தவர். இருவரும் சந்தைக்குப் போனது ஒரே சோங் பாங் கிராமத்துக்கு. அந்தக் காலத்தில் தமிழரும் சீனரும் பேசிக்கொண்டது சந்தை மலாயில்தான். எனக்கு அது அரைகுறையாகத்தான் புரிகிறது. ஒரு துணிக்கடை, ஒரு வெள்ளம், யாரோ ஒரு மிதிவண்டிக்காரன் என்று அங்கங்கே பிடிபட்டது. அப்பா போன பிறகு அம்மா இவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. என் மொழியில் நான் எவ்வளவு பேசினாலும் கொடுக்க முடியாத ஒன்றை அந்த ஆண்ட்டி அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 5, வியாழன்

இன்னும் தூங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இரவு இரண்டு மணி இருக்கும். அறைக்குள்ளேயே ஒலிபெருக்கி பேசியது. அவசரம் என்றால் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள். எழுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கேப்டன் சொன்னார்: ஒரு பயணிக்கு உடனடியாக ரத்தம் தேவை, ஏ பாசிட்டிவ் வகை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், ரத்ததான அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு, மருத்துவ நிலையத்துக்கு வரவும்.

நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கப்பலில் மருத்துவர் உண்டு, தாதியர் உண்டு, மூச்சுக் கருவி உண்டு. பெரும்பாலும் ரத்த வங்கி மட்டும் இருக்காது. சிவப்பணுவைக் குளிரில் வைத்தாலும் ஆறு வாரம்தான் தாங்கும். எல்லா வகையையும் ஏற்றி வைத்து, பயன்படாமல் கொட்ட முடியாது. அதனால் தேவைப்படும்போது பயணிகளிடமும் ஊழியர்களிடமும் கேட்கிறார்கள். நடுக்கடலில் வேறு வழி கிடையாது. அம்மாவை ஆண்ட்டியின் மகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

என் ரத்தம் பி பாசிட்டிவ், உதவாது. ஆனால் தாழ்வாரத்தில் அதற்குள் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். சமையலறை வெள்ளை உடுப்பில் இருவர், இயந்திர அறை நீல உடுப்பில் ஒருவர், இரவு உடையில் ஒரு கொரியப் பெண். மின்தூக்கியிலிருந்து இறங்கி எங்களுக்கு இடம் கொடுத்த கோயம்புத்தூர் இளைஞர்களில் ஒருவரும் இருந்தார். கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்தபோது தந்த அட்டையின் படம் அவர் கைப்பேசியில் இருந்தது. அட்டை இருந்தாலும் வகையை மறுபடி சோதிப்பார்கள், எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸுக்கும் விரைவுச் சோதனை செய்வார்கள், நோயாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். சிலரைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அவரை உள்ளே அழைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. அப்புறம் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாற்காலியில் ஓர் ஆஸ்திரேலிய அம்மையார் கப்பலின் குளியல் அங்கியோடு உட்கார்ந்திருந்தார். நோயாளியின் மனைவி. கணவர் இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று படிப்படியாகச் சொன்னேன். இந்த நேரத்தில் குடும்பத்தாரைக் கொல்வது எதுவும் தெரியாமல் காத்திருப்பதுதான். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

நான்கு மணிக்கு அதிகாரி ஒருவர் வந்தார். கப்பல் முழு வேகத்தில் பினாங்கு போகிறது, விடியும் நேரத்தில் படகு வந்து இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும், பெட்டிகள் தயாராக இருக்க வேண்டும். அம்மையாரால் எழுந்திருக்கவே முடியவில்லை. அறைச் சாவியை என் கையில் வைத்தார். பாதுகாப்புப் பெட்டியின் நான்கு இலக்க எண்ணையும் சொன்னார். என் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது.

எங்கள் இரண்டு தளத்துக்குக் கீழே அவர்கள் அறை. அந்தத் தளத்து அறைப் பணியாளர், பாலித் தீவுக்காரர், தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கூடவே நின்றார். கப்பலிலிருந்து நோயாளியை அவசரமாக இறக்கும்போது இரண்டு வாழ்க்கையை அரை மணி நேரத்தில் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. கடப்பிதழ்கள், உறையில் இருந்த பணம், காது கேட்கும் கருவிக்கான பொத்தான் மின்கலங்கள், பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புத்தகம். குளியலறையில் நீச்சல் உடுப்பு இன்னும் ஈரமாகத் தொங்கியது. பணியாளர் அதைப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் சுருட்டி, மற்ற துணியில் படாமல் ஓரமாகச் செருகினார். மாத்திரைப் பெட்டியையும் மருந்துச் சீட்டையும் நான் கைப்பையின் மேலாக வைத்தேன். எந்த மருத்துவமனையிலும் முதல் கேள்வி அந்த மாத்திரையின் பெயராகத்தான் இருக்கும். அம்மையாருக்கு ஒரு மாற்று உடுப்பும் காலணியும் தனியாக எடுத்தோம், குளியல் அங்கியோடு இன்னொரு நாட்டில் போய் இறங்கக் கூடாதல்லவா.

இருட்டு விலகும் முன்பே படகு வந்தது. கரையில் கப்பல் முகவர் காத்திருப்பார் என்றார்கள். தூக்குப்படுக்கையில் அவரை இறக்கும்போது நிறம் கொஞ்சம் திரும்பியிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ரத்தம் கொடுத்த தம்பியைக் காலை உணவில் பார்த்தேன். நண்பர்கள் அவரை எழவே விடாமல் பழச்சாறாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் பங்குக்கு இரண்டு முட்டை வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

இறங்கியாகிவிட்டது. பயணம் முடிந்ததும் கருத்துப் படிவம் அனுப்புவார்கள். தயவுசெய்து யாரும் அதைத் தள்ளிவிடாதீர்கள். ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் அது அவர் மேலதிகாரியிடம் போகும். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும். பாலிக்காரரின் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி, அதிகாலை அவர் செய்ததை முழுக்க எழுதி அனுப்பினேன்.

இறங்கும் முன் அவர் எங்களைத் தேடி வந்தார். அந்த அறையைச் சுத்தம் செய்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மூக்குக் கண்ணாடி கிடந்ததாம். அலுவலகத்தில் கேட்டு, அந்த அம்மையாரிடமும் செய்தி அனுப்பிச் சம்மதம் வாங்கிய பிறகே என்னிடம் கொடுத்தார்.

இதைப் படிப்பவர்கள் எங்கே பயணம் போனாலும் ரத்த வகை அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் படத்தைக் கைப்பேசியிலும் வையுங்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

பினாங்கிலிருந்து செய்தி. உள்நோக்கிக் கருவி வழியாகக் கசிவை அடைத்துவிட்டார்கள். சாதாரண வார்டுக்கு மாற்றியாகிவிட்டது. கண்ணாடி இல்லாமல் குறுக்கெழுத்துப் போட முடியவில்லை என்று அவர் முணுமுணுக்கிறாராம்.

ஆண்ட்டியின் அண்ணன் மகள் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறார். விடுமுறைக்கு இங்கே வந்தவர் புதன்கிழமை ஊர் திரும்புகிறார். வியாழன் காலை ஃபெரியில் ஜார்ஜ்டவுன் போய்க் கண்ணாடியைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், கஞ்சியும் வைத்துக் கொண்டுபோவாராம். ஆண்ட்டி இன்று மாலை இங்கே வந்து கண்ணாடியை வாங்கிக்கொள்கிறார். அம்மா காலையிலிருந்து அவருக்காகக் காத்திருக்கிறார். முறுக்குக்கு மாவு பிசைந்தாகிவிட்டது. பினாங்குக்கும் ஒரு டப்பா போக வேண்டுமாம். வயிற்றில் புண்ணோடு படுத்திருப்பவருக்கு முறுக்கு ஆகாது என்றேன்.

“அவருக்கு யாருடி கொடுக்கச் சொன்னா? அந்தப் பொம்பள ராப்பகலா ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கா. அவளுக்கு.”

சரி என்று டப்பா தேடிக்கொண்டிருக்கிறேன்.