நான்கு நிமிடம்

காலையில் கண்ணெதிரே பஸ் போய்விட்டது. சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

எனக்குப் போனது ஒரு பஸ். கடலில் கடிகாரம் அதே நான்கு நிமிடம் பிசகினால், தீர்க்கரேகை (கிழக்கு மேற்கில் கப்பல் எங்கே என்று சொல்லும் கணக்கு) ஒரு டிகிரி தவறும். நிலநடுக்கோட்டருகே சுமார் 111 கிலோமீட்டர்!

ஜான் ஹாரிசன் ஞாபகம் வந்தார். 1693-இல் பிறந்த இங்கிலாந்துத் தச்சர்.

தீர்க்கரேகையைக் கணிக்க வழி சொன்னால் 20,000 பவுண்டு வரை பரிசு என்று 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறிவித்தது. வானியல் அறிஞர்கள் நிலாவையும் நட்சத்திரத்தையும் அளந்துகொண்டிருந்தார்கள். இவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். கிளம்பிய துறைமுகத்தின் நேரம் கையில் இருந்தால், கப்பலின் உச்சிவேளையோடு ஒப்பிட்டால் போதுமே.

ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் எடுபடாது. வெயிலில் உலோகம் நீளும். எண்ணெய் கெட்டியாகும். ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டினார். சூட்டுக்கு வளைந்துகொடுக்க பித்தளையையும் எஃகையும் சேர்த்து ஒரு பட்டை செய்தார். மூன்றாவது கடிகாரம் மட்டும் சுமார் 19 வருடத்தை விழுங்கியது.

அப்புறம் 1759-இல் நான்காவது. 13 சென்டிமீட்டர் குறுக்களவு, பார்க்கப் பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி. மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். 81 நாளில் பிசகியது சுமார் 5 விநாடி.

அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று தட்டிக்கழித்தது பரிசைத் தீர்மானிக்கும் வாரியம். (எந்தக் காலத்திலும் அலுவலகம் அலுவலகம்தான்.) மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்டு, 1773-இல் மீதிப் பணம் வந்தபோது ஹாரிசனுக்கு வயது 80.

நான் பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு நிமிடம் முந்துகிறது.