திமிலுக்குள் மீன்

மருமகளுக்குத் தரம் ஆறு. போன ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் முழுக்க ஒட்டகம். திமிலுக்குள் நீலக் கலர் பென்சிலால் அலை அலையாகத் தண்ணீர், அதற்குள் ஒரு குட்டி மீன். மீன் பகிடிக்காம், தண்ணீர் உண்மையாம்.

“மாமா, நீங்கள் சவூதியில ஒட்டகம் பார்த்தனீங்கள்தானே? இது சரியா?”

“பார்த்தனானோ? நாலு வருசம் அதுகளுக்குத் தண்ணி ஊத்தினவன் பிள்ளை நான். திமிலுக்குள்ள தண்ணி இல்லை.”

“அப்ப எங்க வச்சிருக்கு?”

இந்தக் கேள்விதான் வில்லங்கம். எங்கேயும் வைத்திருக்கவில்லை என்றேன். நம்புகிற முகமாக இல்லை. மூன்று நாளாகக் கச்சான் வேறு அடித்துக்கொண்டிருந்தது. (வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: திருகோணமலையில் வறுத்துத் தின்கிற நிலக்கடலையும் கச்சான்தான், ஆடி ஆவணியில் மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கிற சூட்டுக் காற்றும் கச்சான்தான். இது இரண்டாவது.) உப்புவெளியில் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்த வெக்கைக்கு மருந்தில்லை. அன்றைக்கு விறாந்தையில் இருந்து அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2009 கடைசியில் போனேன். ரியாத்துக்கு வடகிழக்கே ருமாஹ் என்று ஒரு சிறு பட்டணம், அதற்கு அப்பால் தஹ்னா பாலைவனம். மணல் செங்கட்டி நிறம். என் வேலை தண்ணீர் பவுசர் ஓட்டுவது. நம் பவுசருக்கு அங்கே பெயர் வாயித். பட்டணத்தில் நிரப்பிக்கொண்டு போய், மணலோரத்து ஒட்டகப் பட்டிகளில் தொட்டிகளை நிரப்பிவிட்டு வர வேண்டும். நான் போன பட்டிகளில் கூடுதலாகக் கறுப்பு ஒட்டகங்கள். மஜாஹீம் என்பார்கள், பாலுக்குப் பேர் போனவை. மேய்த்தவர் ஒரு சூடான்காரர். என்னை ‘யா ஸோல்’ என்றுதான் கூப்பிடுவார். ‘ஏய் மனுசா’ என்கிற மாதிரி. மரியாதைக் குறைவு என்று முதலில் கோபப்பட்டேன், அப்புறம் பழகிவிட்டது.

நான் போனது மாரிகாலம். மழை பெய்து மணலில் ஆங்காங்கே பச்சை பிடித்திருந்தது. தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த வாரம் போனால் தண்ணீர் அப்படியே கிடக்கிறது, பாசி வேறு. என் சம்பளத்துக்கு ஆபத்து என்று நினைத்தேன். பச்சை மேய்ச்சல் இருந்தால் அதிலுள்ள ஈரமே ஒட்டகத்துக்குப் போதும், வாரக்கணக்கில் தொட்டிப் பக்கம் வராது என்று சூடான்காரர் சிரித்தார். கோடையில் காய்ந்த புல்லைத் தின்றுவிட்டு வந்தபோதுதான் அதன் குடியைப் பார்த்தேன். கழுத்தை நீட்டி வாயை வைத்தால் எடுப்பதில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டருக்கு மேல் உள்ளே போய்விடும். ஒட்டியிருந்த விலா நம் கண் முன்னாலேயே எழும்பி வரும்.

இப்படி ஒரேயடியாக நாம் குடித்தால் இரத்தம் நீர்த்து உயிருக்கே ஆபத்து. ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நம்முடையவை போல வட்டத் தட்டு இல்லை, முட்டை வடிவம். இரண்டு மடங்குக்கு மேல் ஊதினாலும் வெடிக்காது. தண்ணீர் வற்றி இரத்தம் தடித்திருக்கும் நாட்களிலும் அந்த வடிவம் நாளங்களுக்குள் வழுக்கிக்கொண்டு போகும்.

சரி, குடிப்பது பெரிய விசயம் இல்லை. இத்தனை நாள் குடிக்காமல் எப்படி நின்றது என்பதுதான் விசயம். எனக்கு அது விளங்கியது 2011 யூலையில், என் சொந்தத் தோலில்.

எல்லாத் தொட்டியையும் நிரப்பிவிட்டு வெறும் வாயித்தோடு திரும்பும்போது பின் சில்லு இரண்டும் மணலில் புதைந்தன. காலை பதினொரு மணி. போனில் சிக்னல் இல்லை. கோடையில் துணைக்கு ஒரு ஆளை அனுப்புகிறோம் என்று கொம்பனி சொல்லிக்கொண்டே இருந்தது, அனுப்பவில்லை. என்னிடம் இருந்தது ஒன்றரை லிட்டர்ப் போத்தல் இரண்டு. ஒரு மணித்தியாலம் மண்வெட்டியால் தோண்டினேன். அந்த வெயிலில் வேலை செய்கிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாகப் போகும். இரண்டு மணிக்குப் போத்தல்கள் காலி. தண்ணீர் வண்டிக்காரன் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றேன். பவுசர் வால்வைத் திறந்து அடியில் கிடந்ததை ஒரு தகரப் பேணியில் பிடித்தேன். கொதிக்கும் தண்ணீர், துருநாற்றம். அதையும் குடித்தேன். மூன்று மணிக்குத் தலையிடி, யாரென்று தெரியாத ஒருவர் மேல் கோபம், சிறுநீர் அறவே இல்லை.

ஒரு நாற்பது யார் தூரம் தள்ளி இரண்டு ஒட்டகங்கள் படுத்திருந்தன. வண்டி நிழலுக்குக்கூட வரவில்லை. இரண்டும் முகத்தை வெயிலுக்கு நேரே கொடுத்துக்கொண்டு அசைபோட்டன. வெயில் மேற்கே திரும்பத் திரும்ப அதுகளும் திரும்பின. மூளை கெட்ட மிருகம் என்று திட்டினேன். மூளை கெட்டது நான்தான். முகத்தைக் கொடுத்தால் உடம்பில் வெயில் படுகிற பரப்புக் குறைவு. நெஞ்சுக்குக் கீழே காய்ப்புப் பிடித்த ஒரு தடித்த மெத்தை இருக்கிறது, அதில் ஊன்றிக்கொண்டு வயிற்றை மணலில் முட்டாமல் தூக்கி வைத்திருக்கும். இடையில் காற்று ஓடும்.

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு சூடான்காரர் பிக்கப்பில் தேடி வந்து ஒரு கிண்ணம் ஒட்டகப் பால் தந்தார். கொஞ்சம் உப்பு, நுரை. அதற்குப் பிறகு பிளேன்டீ உட்பட எதுவும் அந்த ருசியில் குடித்ததில்லை.

அறைக்கு வந்து இரண்டு நாள் படுத்திருந்தபோதுதான் இதைப்பற்றி வாசிக்கத் தொடங்கினேன். நோர்வேயில் பிறந்த க்னூட் ஷ்மிட் நீல்சன் என்ற விஞ்ஞானி 1953, 54-இல் அல்ஜீரியாவின் பெனி அப்பெஸ் என்ற பாலைவன ஊரில் தங்கி ஒட்டகங்களை அளந்து பார்த்திருக்கிறார். நமக்கு உடம்புச் சூடு 37 பாகை. ஒன்றிரண்டு ஏறினால் பனடோல் தேடுவோம். அதை 37-இலேயே பிடித்து வைக்கத்தான் உடம்பு தண்ணீரை வியர்வையாகக் கொட்டுகிறது. தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் அப்படிப் பிடிவாதம் பிடிப்பதில்லை. விடியற்காலை 34 பாகை வரை இறங்க விடும். பின்னேரம் 41 வரை ஏற விடும். அதற்குப் பிறகுதான் நன்றாக வியர்க்கத் தொடங்கும். எங்கள் வீட்டுச் சீமெந்துச் சுவர் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து இரவில் விடுகிறதே, அதே வேலை. பாலைவனத்து இரவு குளிர், அந்தக் குளிரில் சூடு சும்மா இறங்கிவிடும். இப்படி ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் அளவுக்கு மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் ஒட்டகத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் இரண்டு பாகையோடு சரி. கையில் இருந்தால் செலவழிக்கும், இல்லாவிட்டால் இறுக்கிப் பிடிக்கும்.

மனிசன் ஒட்டகத்துக்கு மொட்டையும் அடித்துப் பார்த்திருக்கிறார். மயிர் போன ஒட்டகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தண்ணீரை இழந்ததாம். மயிரின் மேற்பரப்பு 70 பாகை கொதிக்கும்போதும் அடித்தோல் 40-இல்தான் இருக்கும். வெயிலில் நான் பனியனோடு நின்று தோண்டியது எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஊர்க்காரர்கள் கால் வரை மூடித்தானே திரிகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வெக்கையில் நாம் இழக்கிற தண்ணீரில் நல்ல பங்கு இரத்தத்திலிருந்து போகிறது. இரத்தம் தடிக்க, உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர இதயத்தால் முடியாமல் போகும். எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் போனாலே நம் கதை முடிகிற கட்டம். ஒட்டகம் இரத்தத்தைக் காத்துக்கொண்டு மற்ற இடங்களிலிருந்து தண்ணீரை எடுக்கும். கால் பங்கு எடை போனபிறகும் தொட்டி வரை தன் காலால் நடந்து வரும். எலும்பும் தோலுமாக வந்து நின்றவற்றை நானே பார்த்திருக்கிறேன்.

மூக்கைப் பற்றிச் சொன்னதுதான் மருமகளுக்குப் பிடித்தது. நுவரெலியாவில் காலையில் வாயைத் திறந்தால் புகை வருமே, அது நம் உடம்புத் தண்ணீர். ஒட்டகம் அதையும் சும்மா விடாது. இரவில் மூச்சு வெளியே போகும்போது மூக்குக்குள் இருக்கும் சுருள் சுருளான சவ்வு காற்றைக் குளிர வைத்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மூக்கிலிருந்து மேலுதட்டுப் பிளவுக்கு ஒரு வாய்க்கால்கூட உண்டு. வடிவதும் வாய்க்குள்ளேயே போகும்.

“சீ!” என்றாள். ஆனால் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னாள்.

சிறுநீர் சீனிப்பாணி மாதிரித் தடிப்பு, அளவும் கொஞ்சம். சாணி எவ்வளவு காய்ந்தது என்றால் சூடான்காரர் அதை மூட்டித்தான் தேநீர் வைப்பார்.

“அப்ப திமில் சும்மாவா?”

திமிலில் இருப்பது கொழுப்பு. நன்றாகத் தின்ற ஒட்டகத்தில் 30 கிலோவுக்கு மேலும் இருக்கும், பட்டினி கிடந்தால் சுருங்கி ஒரு பக்கம் சாயும். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீர் பிறக்கும் என்பது உண்மை. அதனால் திமிலைத் தண்ணீர் டாங்கி என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் எரிக்க ஒட்சிசன் வேண்டும், அதற்கு மூச்சு வாங்க வேண்டும், அந்த மூச்சோடு கிடைத்த தண்ணீர் போய்விடும். கடைசியில் கையில் மிஞ்சுவது சாப்பாடு மட்டும். கொழுப்பை ஒரே குவியலாக முதுகில் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. உடம்பு முழுக்கப் பரவியிருந்தால் கம்பளி போர்த்த மாதிரி, சூடு வெளியேறாது.

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். “நீங்கள் சுத்திவர வச்சிருக்கிறீங்கள் மாமா.”

பின்னேரம் வெயில் தணிய அவளைக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மரங்களுக்குக் கீழே புள்ளிமான்கள் வழக்கம்போலப் படுத்திருந்தன. ஒன்றாவது வெயிலைப் பார்த்துக் கிடக்கிறதா என்று எண்ணிக்கொண்டே வந்தாள். எல்லாம் நிழலுக்குள். கச்சான்காரரிடம் ஒரு சரை வாங்கி இரண்டு பேரும் தின்றோம்.

இரவு கொப்பியைத் திருத்திவிட்டுக் காட்டினாள். நீலத்தை அழித்து மஞ்சள் பூசி, அம்புக்குறி போட்டுக் ‘கொழுப்பு’ என்று எழுதியிருக்கிறாள். மூக்குக்குள் மட்டும் துளி நீலம். மீனை அழிக்க மனம் வரவில்லையாம். கொழுப்புக்குள் நீந்துகிறது. மறுநாள் ரீச்சர் என்ன கேட்டாரோ.