ட்ரை வெயிட்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்கு டயாலிசிஸ். முன் 58.6. பின் 56.1. தேங்கின தண்ணீரை எடுத்தபின் நிற்க வேண்டிய எடைதான் ட்ரை வெயிட். இரண்டரை கிலோ தண்ணீர். சனிக்கிழமைக்கு அப்புறம் அப்பா யாருக்கும் தெரியாமல் குடித்திருக்கிறார். எங்கே என்று கேட்கவில்லை. மாட்டுத் தொட்டி ஓரம் சமையற்கட்டுச் சொம்பு கிடந்தது.

மார்ச் 5

சித்தப்பா போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். பழைய போர் 640 அடி. போன மே மாதத்தோடு சரி. மாமரத்தில் பிஞ்சு கொட்டுகிறது. டேங்கர் லோடு ஊற்றி எத்தனை மரத்தைக் காப்பாற்ற?

மார்ச் 6, வியாழன்

முன் 57.9, பின் 56.0.

நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். "அப்படி என்னதாம் பாக்கற பாப்பா?" என்றார் அப்பா. சொன்னேன். ஈர்ப்பை வைத்து நிலத்தடி நீரை எடை போட, ஏறக்குறைய 500 கி.மீ. உயரத்தில் ரெண்டு சாட்டிலைட், ஒன்றின் பின்னால் ஒன்று. நடுவில் 220 கி.மீ., இங்கிருந்து செங்கல்பட்டு தூரம். கீழே பாரமான இடம் வந்தால் முன்னால் போவதை அது முதலில் இழுக்கும், இடைவெளி விரியும். அரை நிமிடம் கழித்துப் பின்னால் வருவதையும் இழுக்கும், இடைவெளி சுருங்கும். அந்த விரிசலை மைக்ரான் கணக்கில் அளக்கிறோம். இந்தக் குழாயில் ஓடுகிற உங்கள் ரத்தத்தின் ஒரு சிவப்பணு அதைவிடப் பெரிசு.

"அப்போ மாட்டப் பாக்கறதில்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கயித்தப் பாக்கறீங்க."

என் ஆராய்ச்சி கைடு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மார்ச் 8, சனி

முன் 58.2 என்று காட்டியது. தப்பு.

எடை மெஷினைக் கதவோரம் நகர்த்தியிருக்கிறார்கள். அங்கே டைல்ஸ் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. ஒரு கிலோ கூடுதலாகக் காட்டியதை நம்பி ஒரு கிலோ கூடுதலாக எடுத்துவிட்டார்கள். மூன்றாவது மணியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பிரஷர் 80க்கு இறங்கியது. அப்பா கத்துகிற ஆள் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்த கை மட்டும் வெளுத்துப்போனது. சிஸ்டர் ஓடி வந்து சலைன் விட்டார். அவரைத் திட்ட வாய் வரவில்லை, நானும் அங்கேதானே நின்றேன்.

தராசு சொல்வதை அப்படியே நம்பாதே என்பதுதானே என் பிழைப்பு? நிலத்தடி நீரின் எடை வேண்டுமென்றால் மேலே இருக்கிற காற்றின் எடையைக் கழிக்க வேண்டும். அது அழுத்தத்தோடு தினமும் மாறும். கடல் ஏற்றவற்றம் கழிக்க வேண்டும், மண்ணின் ஈரம், ஏரி, ஆறு எல்லாம் கழிக்க வேண்டும். அத்தனை உயரத்திலும் மெல்லிசாகக் காற்று இருக்கிறது, சாட்டிலைட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதை அளக்க ஒவ்வொன்றிலும் ஒரு கருவி. 2018இல் அனுப்பிய ஜோடியில் ஒன்றின் கருவி, போன கொஞ்ச நாளிலேயே சரியில்லை. இன்னொன்றின் அளவை அரை நிமிடம் தள்ளி இதற்கு ஒட்டுக் கட்டுகிறார்கள், நம் தோட்டத்தில் மாங்கன்றுக்குக் கட்டுகிற மாதிரி. இதெல்லாம் நான்கு வருஷமாக எனக்கு மனப்பாடம்.

ஒரு டைல்ஸ் மேடு கண்ணில் படவில்லை.

மார்ச் 9

தூங்கவில்லை. அவர் தூங்கினார்.

மார்ச் 11, செவ்வாய்

சித்தப்பாவின் தக்காளி மண்டியிலிருந்து 5 கிலோ எடைக்கல்லைப் பையில் போட்டு எடுத்துப்போனேன். முதலில் நான் ஏறினேன், அப்புறம் கல்லோடு ஏறினேன். வித்தியாசம் 4.9. சிஸ்டர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் கல் என் மடியில்தான் இருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் தொடையை அமுக்கியது, அடுத்த நொடி லேசானது. விமானத்தில் ஈர்ப்பை அளக்கிறவர்களுக்கு வாழ்க்கையே இந்த பஸ்தான். விமானம் குலுங்கும் குலுக்கலுக்கு முன்னால் பாறையின் இழுப்பு ஒன்றுமே இல்லை. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான், பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஜிபிஎஸ் வைத்து விமானம் எவ்வளவு ஏறி இறங்கியது என்று தனியாகக் கணக்கெடுத்துக் கழித்தால்தான் உண்டு.

முன் 57.4, பின் 56.2. காலில் இழுப்பு இல்லை.

மார்ச் 13, வியாழன்

கைடு போன் செய்தார். 2017 ஜூனிலிருந்து 2018 ஜூன் வரைக்கும் இருக்கிற ஓட்டையை எப்போது நிரப்பப் போகிறாய்? பழைய ஜோடி நின்று, புது ஜோடி வேலையைத் தொடங்காத மாதங்கள். எல்லோரும் மழைக் கணக்கு வைத்து நிரப்புகிறார்கள். கோடு அழகாகத்தான் வருகிறது.

அம்மா, 2017 செப்டம்பர்.

நான் நிரப்பவில்லை. வெள்ளையாகவே இருக்கட்டும்.

மார்ச் 15, சனி

"மேல இருந்து பாக்கறவளாச்சே, தண்ணி எங்க கெடக்குன்னு நீயே சொல்லேன்" என்றார் சித்தப்பா. கிண்டல்தான், ஆனாலும் பதில் சொன்னேன். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவில் 2002க்கும் 2008க்கும் நடுவில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போனதை பழைய ஜோடிதான் நிறுத்துச் சொன்னது. நாற்பது மேட்டூர் அணைக்கு மேல். "செரி, நம்ம மூணு ஏக்கருக்கு?" முந்நூறு கிலோமீட்டருக்குக் குறைந்தால் அதற்குக் கண் தெரியாது, சித்தப்பா.

மாலை நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கைத் தேங்காய் ஈசானி மூலையில் நிமிர்ந்து நின்றது. சுண்ணாம்பில் குறி போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு புள்ளியையாவது காட்டினாரே.

மார்ச் 17

2002இல் முதல் ஜோடி போனதும் இதே தேதி. 2009இல் ஈர்ப்பை அளக்கிற இன்னொரு சாட்டிலைட், கோசே, போனதும் இதே தேதி, இதே ரஷ்ய ஏவுதளம். யாருக்கும் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

முன் 57.0. ஒரு லிட்டருக்குள் நிறுத்திவிட்டார், மூன்று நாளாக. ஐஸ் கட்டி கேட்கிறார். ஐஸும் தண்ணீர்தான் என்று கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம்.

மார்ச் 23, ஞாயிறு

ராத்திரி பத்தரைக்கு வண்டி வந்தது. 200 அடி வரைக்கும் வெறும் புழுதி. அப்பா கயிற்றுக்கட்டிலைக் களத்தில் போடச் சொல்லி, துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 500இல் டிரைவர் டீ கேட்டார். 700, வெள்ளைப் பாறை. சித்தப்பா அடிக்கு எவ்வளவு என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. 860இல் புழுதி நின்று சேறு வந்தது. கைவிரல் கனத்துக்குத் தண்ணீர். முக்கால் இஞ்ச் என்றார் டிரைவர், அரை என்றார் சித்தப்பா.

தெளிவதற்கு விடியற்காலம் ஆனது. வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அளவு டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன்.

"உப்பு" என்றார். டம்ளரைத் திருப்பித் தரவில்லை.

50 மில்லி. இன்றைய கணக்கில் எழுதிவிட்டேன்.