மரத்துக்கு எது இடது பக்கம்?

ஆறாம் வகுப்புக்கு 'விசையும் இயக்கமும்' பாடம் தொடங்கும் முன்னால் ஒரு பொருள் இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வது என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒன்று நகர்ந்தது என்கிறோம், சரி, எதை வைத்து நகர்ந்தது என்கிறோம்? அது பிடிபடாத பிள்ளை அப்புறம் தூரம், இடப்பெயர்ச்சி எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்யும்.

எங்கள் பள்ளிக்கூடம் சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம். மைதானத்தில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கும். வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்தேன். ஒரு குழு சோடா மூடி ஒன்றை மண்ணுக்குள் மூடி வைத்துவிட்டு இடத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், மற்ற குழு தேடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் சீட்டில் 'வேப்ப மரத்துக்குப் பக்கத்தில்' என்று இருந்தது. மரத்தைச் சுற்றிப் பாதி பீரியட் கிளறினார்கள். அடுத்த சீட்டு, 'வேப்ப மரத்துக்கு இடது பக்கம் பத்து அடி'. தேடப் போன இரண்டு பேரில் ஒருவன் மரத்தைப் பார்த்து நின்றான், இன்னொருவன் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றான், இரண்டு பேரும் அவரவர் இடது கைப்பக்கம் நடந்து ஆளுக்கொரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். "டீச்சர், மரத்துக்கு எது இடது பக்கம்?" என்று அங்கிருந்தே கத்தினான் ஒருவன். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் நின்ற ஒரு பெண் சொன்னாள், "மரத்துக்கு மூஞ்சி இல்லையே டீச்சர்."

இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. மூஞ்சி இருப்பதற்குத்தான் இடதும் வலதும். அதுவும் அது திரும்பினால் சேர்ந்து திரும்பிவிடும்.

மூன்றாவது சீட்டில் 'டீச்சர் வண்டிக்கு நேர் பின்னால் ஐந்து அடி' என்று எழுதியிருந்தார்கள். இடைவேளையில் நான் ஸ்கூட்டியை நிழலுக்கு நகர்த்தியிருந்தேன். அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகராத ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களே பேசிக் கொடிக்கம்பத்துக்கு வந்தார்கள்.

திசைக்கு நான் காம்பஸ் எதையும் எடுக்கவில்லை, அவர்களுடைய பாட்டிகளைத்தான் கூப்பிட்டேன். நம் ஊர்ப் பக்கம் வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே "தெக்கால மூலையில சொம்பு இருக்கு, எடு" என்பார்கள், "மேக்கால தள்ளி உக்காரு" என்பார்கள். இடது வலது அவர்கள் பேச்சில் வருவது அபூர்வம். நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடல் வரைக்கும் சரிந்து கிடப்பதால் மேலே இருப்பது மேற்கு, கீழே இருப்பது கிழக்கு, அந்தச் சரிவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தினமும் வீட்டில் கேட்கிற சொல் ஒன்று அறிவியல் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு அது தனிச் சந்தோஷம். மலையைப் பார்த்து நின்றால் வடக்கு, இடது கை மேற்கு, வலது கை கிழக்கு. அதற்கப்புறம் யாரும் தடுமாறவில்லை.

அடிக் கணக்கு மட்டும் பாக்கி இருந்தது, அவன் பாதமும் என் பாதமும் ஒன்றில்லையே. ஒரு மீட்டர் கயிறு வெட்டிக் கொடுத்தேன். கடைசிச் சீட்டு: 'கொடிக்கம்பத்திலிருந்து வடக்கே 6 மீட்டர், அங்கிருந்து கிழக்கே 2 மீட்டர்.' கயிறு முடிந்த இடத்தில் விரலால் ஒரு தடவை கீறினார்கள், மூடி வந்துவிட்டது.

அப்பா ஏற்காட்டுக்கு ஜீப் ஓட்டுகிற பையன் ஒருவன் சந்தேகம் கேட்டான். மலைப்பாதையில் "பதினோராவது பெண்டுல நிக்கிறேன்" என்று போனில் சொன்னால் திசையே தேவையில்லையே டீச்சர்? நல்ல கேள்வி. ரோடு ஒற்றைக் கோடு, அதனால் ஒரு எண் போதும். ஆனால் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்திலிருந்து எண்ணினால் பதினொன்று, மேலிருந்து எண்ணினால் அதே வளைவு பத்து. எங்கிருந்து எண்ணினாய் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் அந்த 'மூஞ்சி' சொன்ன பெண் தாத்தாவின் கிரயப் பத்திரத்து ஜெராக்ஸோடு வந்தாள். செக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் இடத்தில், 'கிழமேல் வண்டித்தடத்துக்குத் தெற்கு, கிணற்றுக்கு மேற்கு' என்று இருந்தது. நாம விளையாடினதேதான் டீச்சர் என்றாள், அப்புறம் விரலைக் கிணறு என்ற சொல்லின் மேல் வைத்துக்கொண்டு, "ஆனா இந்தக் கெணத்த மூடிட்டாங்களே" என்றாள்.

மைதானத்து மூலையில் சர்வே கல் ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. திங்கட்கிழமை எல்லோரும் அங்கேதான் உட்காரப் போகிறோம்.