தாரா, ஜிம்னியா, கூர்காவா: சண்டைக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

"ஜிம்னி பொம்மை வண்டி." "தார் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத்தான் லாயக்கு." "கூர்காவா, அது டெம்போ கம்பெனி வண்டி இல்லையா?" ஃபோர்-பை-ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகிற வண்டி வைத்திருக்கும் நாலு பேர் கூடினால், டீ ஆறுவதற்குள் இந்த மூன்று வசனமும் வந்துவிடும். கூட்டத்தில் மாருதியின் பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால் அவர் கடைசியாக, "இதெல்லாம் வண்டிங்களா?" என்று எல்லோரையும் சேர்த்துக் கழுவி ஊற்றுவார்.

வசவு ஒவ்வொன்றிலும் ஒரு பிடி உண்மை இருக்கிறது. கூர்காவைச் செய்யும் ஃபோர்ஸ் மோட்டார்ஸின் பழைய பெயர் பஜாஜ் டெம்போதான். மாருதியின் ஜிம்னி 1.2 டன் எடையில் 195 மி.மீ. அகல டயரோடு நிற்கும்போது மற்ற இரண்டுக்கும் தம்பி மாதிரிதான் தெரியும். 2023 ஜனவரியில் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள மஹிந்திரா தார் வந்த பிறகு, தாரில் போகிறவரெல்லாம் மண்ணில் இறங்குகிறவர் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வசவுகளை வைத்துக்கொண்டு எந்த வண்டி எந்த மண்ணில் போகும் என்று முடிவு பண்ண முடியாது.

மஹிந்திரா விசுவாசத்துக்கு வயது அதிகம். 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து இங்கே பூட்ட ஆரம்பித்த கம்பெனி அது. மலைக்கிராமத்து ஆட்களுக்கு இன்றைக்கும் நாலு சக்கரமும் சுற்றுகிற எதுவும் 'ஜீப்பு'தான். ஜிப்ஸி 1985-ல் வந்து, ராணுவத்திலும் ராலியிலும் பேர் வாங்கி, 2019-வாக்கில் விடைபெற்றது. அந்த இடத்துக்கு ஜிம்னி வரும் என்று காத்திருந்தவர்கள், 2023 ஜூனில் ஐந்து கதவோடு அது வந்ததும் "நீளமாயிடுச்சு" என்று முகம் சுளித்தார்கள். அதே ஐந்து கதவு ஜிம்னி இங்கிருந்து ஜப்பானுக்குப் போனபோது, 2025 தொடக்கத்தில் சில நாளிலேயே சுமார் 50,000 பேர் பதிவு செய்து, புக்கிங்கையே நிறுத்தவேண்டி வந்தது. வீட்டு முற்றத்து முல்லைக்கு மணம் கிடையாது என்பார்களே, அதுதான். இன்னொரு வேடிக்கை: இப்போதைய தாரின் பொறியியல் வேலை நடந்த மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுப் பக்கத்து மஹிந்திரா சிட்டியில் இருக்கிறது. கூர்காவைச் செய்யும் ஃபோர்ஸ், பி.எம்.டபிள்யூ இன்ஜின்களுக்காக வைத்திருக்கும் ஆலையும் அதே மஹிந்திரா சிட்டியில்தான். சண்டை போடுவது நாம் மட்டும்தான்.

சரி, களத்துக்கு வருவோம். மூன்றையும் நன்றாகப் பிரித்துக் காட்டுகிற இடம் குறுக்குப் பள்ளம். இடது முன்சக்கரம் ஒரு குழியிலும் வலது பின்சக்கரம் இன்னொரு குழியிலும் தொங்கும். வண்டியின் எடை மற்ற இரண்டு சக்கரத்தில் நிற்கும். டிஃபரன்ஷியல் என்பது ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்பு. சாதாரண டிஃபரன்ஷியல் எது லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே சக்தியைத் தள்ளிவிடும். அதனால் தொங்குகிற சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருப்பது சும்மா நிற்கும். ஃபோர் வீல் டிரைவ் போட்டும் வண்டி நகராமல் நிற்பது இப்படித்தான்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் கட்டை ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே தண்டு), காயில் ஸ்பிரிங். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் தானாக இறங்கும் என்பதால் சக்கரம் தரையை விடுவதே தாமதமாகத்தான். அதையும் மீறித் தூக்கிவிட்டால், காற்றில் சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, சக்தியை எதிர்ப்பக்கம் திருப்புகிற ஏற்பாடு இருக்கிறது. இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். அடியிலிருந்து 'கடகட' என்று சத்தம் வந்ததும், ஏதோ உடைந்துவிட்டது என்று ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார்கள். அது பிரேக் பம்ப் வேலை செய்கிற சத்தம். ஃபோர் லோவில் (நாலு சக்கரத்துக்கும் மெதுவான வேகத்தில் அதிக இழுவை தருகிற நிலை), காலை ஒரே அளவில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு விநாடி பொறுத்தால் வண்டி தானாக ஏறும். காலை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. திரும்பத் திரும்பச் செய்தால் பிரேக் சூடாகி உதவி குறையும், அப்போது ஐந்து பத்து நிமிடம் ஆறவிட வேண்டும்.

தாரின் பின் ஆக்சிலில் வருகிற மெக்கானிக்கல் லாக் வேறு ரகம். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே சுழற்சி வித்தியாசம் நிமிடத்துக்கு 100 சுற்றை ஒட்டி வந்தால், உள்ளே இருக்கும் எடைக்கட்டை வெளியே வீசி, இரண்டையும் பூட்டிவிடும். 'டக்' என்று ஒரு அடி கேட்கும். வேகமாகப் போகும்போது அது மாட்டாது. ஆக, சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் லாக் விழும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பயந்து பயந்து தொட்டால் விழாது, ஒரேயடியாக மிதித்தால் விழும்போது இடி மாதிரி விழுந்து ஆக்சிலுக்கு அடி. மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், 'டக்' கேட்டதும் அதே அளவில் நிறுத்துங்கள். சாய்வான ஈரத்தரையில் இன்னொரு தொல்லை உண்டு. லாக் விழுந்து இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுற்றினால் வண்டியின் பின்பக்கம் சரிவு பக்கமாக வழுக்கும். அங்கே வேகம் வேண்டாம். முக்கியமாக, இந்த லாக் எல்லா தாரிலும் இல்லை. வேரியன்ட்டைப் பொறுத்தும் தயாரித்த ஆண்டைப் பொறுத்தும் மாறும். பழைய வண்டி வாங்குகிறவர்கள், விற்பவர் வாயை நம்பாமல் வேரியன்ட்டைச் சரிபார்த்துவிட்டுக் காசு கொடுக்கவும்.

கூர்காவில் காத்திருப்பே கிடையாது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு லாக்கும் ஓட்டுநர் கையில். பள்ளத்துக்குள் இறங்கும் முன்பே, வண்டி நேராக இருக்கும்போது போட்டுவிட வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் உள்ளே பல்லோடு பல் உரசும். முன் லாக் போட்டிருக்கையில் ஸ்டியரிங் கல்லாகிவிடும், வண்டி நேராகத்தான் போகும். அதை முறுக்கித் திருப்பினால் முன் ஆக்சில் ஜாயின்ட் போகும். திரும்ப வேண்டும் என்றால் முதலில் முன் லாக்கை எடுங்கள். லீவரைத் தள்ளியும் விளக்கு அணையவில்லையா? பல் இறுகியிருக்கிறது. இரண்டடி நேராக ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும்.

குறுக்குப் பள்ளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என் வரிசையில் கூர்கா முதல். சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டுகிறவருக்குக் கற்றுக்கொடுக்கிற வண்டி ஜிம்னிதான்.

இனி டயர். பிராண்டைவிட இது முக்கியம், ஆனால் இதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. தாரில் 18 இஞ்ச் ரிம்முக்கு 255/65, 16 இஞ்ச் ரிம்முக்கு 245/75. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-ல், இரண்டாவது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் முதலாவது 789 மி.மீ. விட்டம், இரண்டாவது 774. பெரிய ரிம் வண்டியைத் தூக்கிக் கொடுப்பது வெறும் 7 மி.மீ. மறுபுறம், டயரின் பக்கச் சுவர் 16 இஞ்ச்சில் 184 மி.மீ., 18 இஞ்ச்சில் 166. காற்றை இறக்கினால் பரவி, கல்லைக் கவ்வுகிறது இந்தப் பக்கச் சுவர்தான். அழகுக்காக 18-க்கு மாறுகிறவர்கள் அதைக் காசு கொடுத்து இழக்கிறார்கள்.

கூர்காவின் தரை இடைவெளி 2021 மாடலில் 205 மி.மீ., 2024-ல் 233. "பார்த்தீங்களா, 28 மி.மீ. ஏத்திட்டான்" என்று கூர்கா ரசிகர்கள் மார்தட்டுவார்கள். 2021-ல் டயர் 245/70, 16 இஞ்ச். 2024-ல் 255/65, 18 இஞ்ச். விட்ட வித்தியாசம் 39 மி.மீ., அதில் பாதி கிட்டத்தட்ட 20. ஆக அந்த 28-ல் 20 வெறும் டயர்! ஜிம்னிக்காரர்கள் பிரியமாக மாற்றுகிற 215/75, 15 இஞ்ச் டயரும் இதே கதைதான். 693 மி.மீ. விட்டம் 703 ஆகும், வண்டி உயர்வது 5 மி.மீ. அகலத்துக்காக மாற்றுங்கள், உயரத்துக்காக வேண்டாம். அகலம் கூடினால் 134 என்.எம். முறுக்குவிசை மட்டும் தருகிற அந்த இன்ஜின் மலை ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் முனகும்.

தரை இடைவெளி எண்ணிலும் ஒரு சூட்சுமம். தார் 226, ஜிம்னி 210. தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால், நாலு பேரும் லக்கேஜும் ஏறினாலோ குழியில் குதித்தாலோ முன் டிஃபரன்ஷியலும் வண்டியோடு சேர்ந்து தாழும். கட்டை ஆக்சிலில் டிஃபரன்ஷியல் கூடு இருக்கும் உயரத்தை டயர்தான் முடிவு செய்கிறது, எத்தனை மூட்டை ஏற்றினாலும் அது மாறாது. ஆனால் ஜிம்னிக்கு வேறு இடத்தில் இடிக்கும். சக்கர இடைவெளி 2,590 மி.மீ. ஆகிவிட்டதால் நடுவயிறு திட்டில் உட்காரும். அதன் பிரேக்-ஓவர் கோணம் (வயிறு இடிக்காமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம்) 24 பாகை, மூன்று கதவு தாருக்கு அதைவிடச் சற்று அதிகம். வரப்பு மாதிரி மேடுகளை ஜிம்னியில் நேராகத் தாண்டாமல் கொஞ்சம் சாய்வாக ஏறி இறங்க வேண்டும்.

காற்றழுத்தத்துக்கு ஒரு தோராயம்: தார்ச்சாலையில் கம்பெனி சொன்னது, கல்லும் மண்ணும் கலந்த பாதையில் 20 பி.எஸ்.ஐ., மணலில் 15. பன்னிரண்டுக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வரும். எடை குறைவான ஜிம்னிக்கும் ஜிப்ஸிக்கும் இன்னும் ஒன்றிரண்டு குறைக்கலாம். தேரி மணல் மாதிரி பொடி மணலில் இந்த இரண்டும் மேலேயே மிதந்து போகும்போது, இரண்டு டன்னை ஒட்டிய கூர்கா எத்தனை லாக் இருந்தாலும் உட்கார்ந்துவிடும். ஒன்று நினைவிருக்கட்டும்: காற்றைத் திரும்ப ஏற்ற கம்ப்ரஸர் இல்லாமல் யாரும் காற்றை இறக்கக்கூடாது.

கரிசல் மண்ணில் நிலைமை தலைகீழ். அது மணல் மாதிரி விலகாது, அப்பிக்கொள்ளும். ஆல்-டெரைன் டயரின் பள்ளங்களில் நிரம்பி, நான்கு சுற்றில் டயர் மொழுக்கென்று ஆகிவிடும். அதைச் சக்கரம் வேகமாகச் சுற்றித்தான் உதற வேண்டும். ஃபோர் லோவில் முதல் கியரில் ஊர்ந்தால் உதறாது, இரண்டாவதில் போங்கள். இங்கே தார் பெட்ரோலின் 150 குதிரைத்திறன் நிஜமாகவே வேலை செய்கிறது.

தண்ணீரில் தாருக்கு 650 மி.மீ., கூர்காவுக்கு 700 மி.மீ. ஆழம் வரை கம்பெனி கணக்கு. கூர்காவுக்கு ஸ்நார்க்கலும் (உயரத்திலிருந்து இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய்) உண்டு. ஸ்நார்க்கல் இருப்பதால் அது படகாகிவிடாது. அது இன்ஜின் மூச்சைத்தான் காக்கும். ஆல்டர்னேட்டரும், கியர்பாக்ஸ், ஆக்சில் ஆகியவற்றின் மூச்சுக்குழாய்களும் தண்ணீருக்குக் கீழேதான் போகும். முதலில் ஒருவர் நடந்து ஆழம் பார்க்கட்டும். நடுவில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்து, இன்ஜின் பிரிக்கிற செலவு வரும். கரையேறிய மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

மூன்று வண்டிக்கும் பொதுவாக ஒன்று: முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் எதிலும் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹை (நாலு சக்கர இயக்கத்தின் சாதாரண வேக நிலை) போட்டுத் திருப்பினால், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும், டயர் கத்தும். மழைக்கு நல்லது என்று நெடுஞ்சாலையில் போட்டுக்கொண்டு, மழை நின்றதும் எடுக்க மறந்துவிடுகிறவர்கள் ஏராளம்.

எல்லா பிராண்டும் கலந்து போகிற கூட்டத்தில் வரிசையும் ஒரு விஷயம். தாரின் அகலம் 1,820 மி.மீ., கூர்கா 1,865, ஜிம்னி 1,645. சேற்றில் தார் முதலில் போய்ச் சால் வெட்டிவிட்டால், பின்னால் வரும் ஜிம்னிக்கு ஒரு பக்கச் சக்கரம்தான் சாலுக்குள் இறங்கும், மறுபக்கம் நடுமேட்டில் ஏறிச் சாயும். அதனால் ஜிம்னியை முன்னால் விடுங்கள். கூர்கா கடைசியில் வரட்டும், எடை அதிகமான வண்டி பின்னால் இருந்தால் சிக்கியவரைப் பின்பக்கமாக இழுப்பது சுலபம். இழுக்கும்போது கயிற்றை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) மாட்டாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு வந்தால் கண்ணாடியைத் துளைத்துவிடும். சேஸியில் போல்ட் போட்ட கொக்கியில் மட்டும் மாட்டி, கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, மற்ற எல்லோரையும் கயிற்று நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.