ஐனன் காஃபே, பிட்ட!

ஜெர்மன் படிக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காதே, சொல்லின் பாலைக் காட்ட அதற்கு முன்னால் வரும் டெர், டி, டாஸ் என்ற ஆர்ட்டிகிளோடு சேர்த்துப் படி. நல்ல யோசனைதான். ஆனால் சாப்பாட்டுச் சொற்களுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்பது என் கட்சி. கடையில் கேட்கிற வாக்கியமாகவே படியுங்கள்.

என் அண்ணன் மகள் உயர்நிலை இரண்டில் இருக்கிறாள். தாய்மொழிப் பாடம் தமிழ், மூன்றாம் மொழி ஜெர்மன். நான் வேலை முடிந்து மாலை வகுப்பில் அதே மொழியைப் படிக்கிறேன். சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் புளோக் கீழே இருக்கிற காப்பிக்கடையில் உட்கார்ந்து, மேசைக்கு வருகிறதையெல்லாம் ஜெர்மனில் கேட்டுப் பார்ப்போம். கோப்பி, காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டி, அரை வேக்காட்டு முட்டை. பாடத்துக்கு இது போதும்.

காப்பி ஆண்பால்: டெர் காஃபே. பால் பெண்பால்: டி மில்ஷ். முட்டையும் தண்ணீரும் இரண்டிலும் சேராத நடுப்பால்: டாஸ் ஐ, டாஸ் வாசர். ஏன் இப்படி என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடையாது. தேநீர், பழச்சாறு, வைன், வோட்கா எல்லாம் ஆண்பாலில் போக, பீர் மட்டும் நடுப்பாலில் நிற்கிறது. முடிவில் ‘அ’ போல ஒலிக்கிற ‘e’ வந்தால் பெண்பாலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸூப்ப, டோர்ட்ட, லிமோனாட எல்லாம் அப்படித்தான். ஆனால் சீஸுக்கான கேஸ ஆண்பால். விதியை நம்பிப் போனால் பாதி வழியில் விட்டுவிடும்.

இப்போது ‘ஒரு’ என்று சொல்லிப் பாருங்கள். ஐன் காஃபே, ஐன் ஐ. ஆணும் நடுவும் ஒரே மாதிரி இருக்கின்றன, பால் மறைந்துபோகிறது. அதையே ‘எனக்கு ஒன்று வேண்டும்’ என்று கேளுங்கள். இஷ் மோஷ்ட ஐனன் காஃபே. இஷ் மோஷ்ட ஐன் ஐ. இஷ் மோஷ்ட ஐன மில்ஷ். ஐனன், ஐன், ஐன: மூன்றும் தனித்தனியாக வந்து நிற்கின்றன. ‘ஒரு’வின் எல்லா வேற்றுமைகளையும் எடுத்துக்கொண்டாலும், மூன்று பாலும் இப்படிப் பிரிந்து தெரிவது செயப்படுபொருளாக வரும்போது மட்டும்தான். ஆக, கடைக்காரரிடம் கேட்கிற வாக்கியத்தில் பாலும் இருக்கிறது, வேற்றுமையும் இருக்கிறது. ‘ஐனன் காஃபே’ நாக்கில் ஏறிவிட்டால் ‘டெர்’ தானாக வரும். இரண்டு நிறப் பேனாவால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். ‘எனக்கு ஒரு காப்பி வேண்டும்’ என்னும்போது நம் காப்பி எழுவாயாக நிற்கிறது, ‘எனக்கு’தான் உருபு ஏற்கிறது. அந்த அமைப்பிலேயே யோசித்தால் ‘ஐன் காஃபே’ என்றுதான் வாயில் வரும். ஜெர்மனில் ஆசைப்படுகிற ‘நான்’ எழுவாய், காப்பி செயப்படுபொருள். ‘நான் ஒரு காப்பியை விரும்புகிறேன்’ என்று மனதுக்குள் ஒரு முறை ‘ஐ’ உருபு போட்டுவிட்டு வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் ‘ஐனன்’ அவளுக்குத் தவறவே இல்லை.

நமக்கு வேற்றுமை புதிதில்லை. எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவர்களுக்கு நான்கு ஒரு பெரிய பாரமா? இடம்தான் வேறு. நாம் காப்பியை, காப்பிக்கு, காப்பியின் என்று சொல்லின் வாலில் உருபைக் கட்டுகிறோம். அவர்கள் தலையில் கட்டுகிறார்கள்: டெர் காஃபே, டென் காஃபே, டெம் காஃபே. காஃபே அசையாமல் இருக்கிறது, ‘காப்பியின்’ என்னும் டெஸ் காஃபேஸில் மட்டும் கடைசியில் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஜெர்மனைக் கேட்கும்போது காது சொல்லின் முன்னால் போக வேண்டும். இந்தப் பழக்கம் வர எனக்கு நாளாயிற்று.

போன வாரம் அவள் பள்ளித் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அத்தை, மில்ஷ் பெண்பால்தானே? இங்கே மிட் டெர் மில்ஷ்னு போட்டிருக்கு. டெர் ஆண்பாலாச்சே!”

அச்சுப்பிழை இல்லை. ‘மிட்’ என்றால் நம் ‘ஓடு’. அது தனக்குப் பின்னால் வருவதை, ஜெர்மன் வரிசையில் மூன்றாவது வேற்றுமையான டாட்டிவில் தள்ளும். அங்கே பெண்பாலின் ‘டி’ ‘டெர்’ ஆகிவிடும், ஆண்பாலும் நடுப்பாலும் ‘டெம்’ ஆகும். ஆக ‘டெர்’ கண்டவுடன் ஆண்பால் என்று முடிவு கட்டக்கூடாது, முன்னால் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அவள் கோப்பி சி டம்ளரைக் காட்டி “மிட் டெர் மில்ஷ்” என்றாள், பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்ட என் கோப்பி ஓவைக் காட்டி “மிட் டெம் ட்சூக்கர்” என்றாள். சர்க்கரை ஆண்பால்.

கோப்பி சியில் ஊற்றுகிற, டின்னில் வரும் இனிப்பில்லாத கெட்டிப்பாலுக்கு ஜெர்மனில் காஃபேமில்ஷ் என்று பெயர். திருப்பிப் போட்டால் மில்ஷ்காஃபே, அதாவது பால் கலந்த காப்பி. சொற்கள் அதே இரண்டுதான், ஆனால் முதலாவது டி, இரண்டாவது டெர். கூட்டுச்சொல் ஆண்பாலா, பெண்பாலா, நடுப்பாலா என்பதைக் கடைசியில் நிற்பதே முடிவு செய்யும். நம் தேங்காய்ப்பால் ஒரு வகைப் பால்தானே, தேங்காய் இல்லையே, அதே கணக்கு. இது தெரிந்தால் நீளமான சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெண்ணெய் (டி புட்டர்) ரொட்டியோடு (டாஸ் புரோட்) சேர்ந்தால் டாஸ் புட்டர்புரோட். தெற்கு ஜெர்மனியில் வெண்ணெயையே ‘டெர் புட்டர்’ என்று சொல்கிறவர்கள் உண்டு; தேர்வில் அப்படி எழுத வேண்டாம்.

இன்னொன்று என்னை ரொம்பச் சந்தோஷப்படுத்தியது. இரண்டு காப்பி கேட்கும்போது ட்ஸ்வை காஃபே என்றாலே போதும், பன்மை வேண்டியதில்லை. நாமும் ‘ரெண்டு காப்பி’ என்றுதான் கேட்கிறோம், ‘காப்பிகள்’ என்று யார் கேட்பார்? முட்டைக்கு அந்தச் சலுகை இல்லை, இரண்டு என்றதும் அங்கே பன்மை வந்தாக வேண்டும்.

இப்போது உரிச்சொல்லுக்கு வந்திருக்கிறோம். பால் சேர்க்காத காப்பி ‘ஷ்வார்ட்சர் காஃபே’; ஆர்ட்டிகிள் இல்லாததால் டெர்ரின் ‘ர்’ உரிச்சொல்லுக்கு இறங்கிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் ‘கால்டஸ் வாசர்’, டாஸின் ‘ஸ்’ அங்கே. கேட்கும்போது ‘ஐனன் ஷ்வார்ட்சன் காஃபே’. கடைக்காரருக்கு எங்கள் ஜெர்மன் புரியாது, அவரிடம் கோப்பி ஓ என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் ஐனன் ஷ்வார்ட்சன் என்று இருவரும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த சனிக்கிழமை டாட்டிவில் உரிச்சொல்.